திரும்பிப் பார்க்காத ஓட்டம்

ஆறாம் வகுப்பிலேயே மிகச் சின்ன உருவம் அவளுடையதுதான். அதனால் எல்லோரும் அவளை நண்டு என்றே கூப்பிட்டார்கள். ஓட்டத்தில் அவள் சுமார்தான், இதில் ஒளித்து மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் தொடர் ஓட்டம் என்றால் அவளுக்கு உயிர். ஓடி வருகிறவர் அடுத்தவர் கையில் குச்சியைக் கொடுக்கும் அந்த ஒரு நொடியைப் பார்க்கவே மைதானத்தின் ஓரத்தில் தவம் கிடப்பாள்.

விளையாட்டுப் போட்டி நெருங்கியது. விளையாட்டு டீச்சர், வகுப்பில் வேகமாக ஓடும் நான்கு பெண்களைத் தேர்ந்தெடுத்தார். முதலில் தேர்வானவள் புயல். அவள் ஓடும்போது கால் தரையில் படுகிறதா என்றே சந்தேகம் வரும். அடுத்தவள் நெட்டை. அவள் ஓர் எட்டு வைத்தால் மற்றவர்கள் இரண்டு எட்டு வைக்க வேண்டும். நண்டின் பெயர் வரவில்லை. அன்று அவள் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்து அழுதாள்.

மறுநாள் மனசு கேட்காமல் பயிற்சியை வேடிக்கை பார்க்கப் போனாள். நால்வரும் நன்றாகத்தான் ஓடினார்கள். குச்சி கை மாறும் இடத்தில்தான் கூத்து நடந்தது. வாங்க வேண்டியவள் நின்று, திரும்பிப் பார்த்து, கையை நீட்டித் துழாவுவாள். அதற்குள் வந்த வேகமெல்லாம் போய்விடும். நெட்டையின் கையிலிருந்து குச்சி கீழேயே விழுந்தது. அவள் அலட்டிக்கொள்ளவில்லை.

"விழுந்தா என்ன? எனக்குத்தான் கால் நீளமா இருக்கே. ஓடிச் சரிக்கட்டிடுவேன்" என்றாள். அதற்கப்புறம் அவள் பயிற்சிக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

நண்டின் அம்மா இருசக்கர வண்டிகளைப் பழுது பார்ப்பவர். அன்று மாலை நண்டு பட்டறையில் அவருக்கு உதவிக்கு நின்றாள். அம்மா வண்டிக்கு அருகே குனிந்து உட்கார்ந்து, கண்ணை எடுக்காமலே ஒரு கையைப் பின்னால் நீட்டினார். நண்டு அந்த உள்ளங்கையில் ஸ்பேனரை அழுத்தி வைத்தாள். விரல்கள் மூடிக்கொண்டன. எத்தனையோ தடவை செய்த வேலைதான். அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

"ஏம்மா, திரும்பியே பாக்காம எப்படி வாங்கற?"

"நீ சரியா வைப்பேன்னு தெரியும். அப்புறம் எதுக்குப் பாக்கணும்?" என்று சொல்லிவிட்டு அம்மா அடுத்த நட்டைக் கழற்றப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. துணி காயப்போடும் அப்பா கையைப் பின்னால் நீட்ட வேண்டும். நண்டு முற்றத்தின் கோடியிலிருந்து ஓடி வந்து கிளிப்பை வைப்பாள். முதலில் பாதி கிளிப்புகள் வாளிக்குள் விழுந்தன. தலை சீவ உட்கார்ந்த தம்பிக்குச் சீப்பும் ஓட்டமாகத்தான் வந்தது. இந்த வீட்டில் எதுவுமே நடந்து வராதா என்று அப்பா அலுத்துக்கொண்டார். ஆனாலும் கையை நீட்டாமல் இருந்ததில்லை.

காலையில் எல்லோருக்கும் முன்னால் மைதானத்துக்குப் போய் ஓடியும் பழகினாள். ஒரு நாள் அவள் தனியாக ஓடி வந்து கோல் கம்பத்துக்குக் குச்சியை நீட்டிக்கொண்டிருந்ததைப் புயல் பார்த்துவிட்டாள். முதலில் சிரித்தாள். பிறகு தானே கம்பத்தின் இடத்தில் வந்து நின்றாள். குச்சி அவள் முழங்கையில் இடித்தது, முதுகில் இடித்தது. அவளுக்கோ திரும்பிப் பார்க்கும் பழக்கம் விடவில்லை.

"திரும்பாத. நான் வந்துடுவேன்" என்றாள் நண்டு, ஒவ்வொரு தடவையும்.

சில நாட்களில் குச்சி வழுக்காமல் கை மாறியது. இருவரும் டீச்சரிடம் போய், ஒரே ஒரு தடவை சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள். டீச்சர் முதலில் நெட்டையை வைத்தும், பிறகு அவள் இடத்தில் நண்டை வைத்தும் ஓடவிட்டார். கடிகாரத்தை இரண்டு முறை உற்றுப் பார்த்தார். நண்டு இருந்தபோதுதான் அணி சீக்கிரம் ஓடி முடித்திருந்தது. போட்டியில் நண்டே ஓடட்டும் என்று சொல்லிவிட்டார். நெட்டைக்கு முகம் சுருங்கிப்போனது. ஒரு நாள் முழுக்க நண்டைக் கண்டாலே வேறு பக்கம் போனாள். அடுத்த நாள் காலை, தனக்கும் அதைச் சொல்லித் தரச் சொல்லி மைதானத்தில் வந்து நின்றாள்.

போட்டி நாளில் நண்டு மூன்றாவதாக ஓடினாள். அவள் கைக்குக் குச்சி வந்தபோது அணி முதலிடத்தில் இருந்தது. பாதி தூரத்தில் ஒருத்தி அவளைத் தாண்டினாள். இன்னொருத்தியும் தாண்டினாள். ஆனாலும் நண்டு ஓட்டத்தை விடவில்லை.

கடைசியாக ஓட வேண்டியவர்கள் முன்னால் காத்திருந்தார்கள். மற்ற அணிக்காரிகள் நின்று, திரும்பி, கையை நீட்டினார்கள். புயல் மட்டும் நண்டு நெருங்குவதைக் கண்டதும் முன்னால் பார்த்து ஓடத் தொடங்கினாள். அவள் கை மட்டும் ஆடாமல் பின்னால் நீண்டிருந்தது. நண்டு குச்சியை அந்த உள்ளங்கையில் அழுத்தினாள். மற்றவர்கள் துழாவி வாங்கி ஓட ஆரம்பிப்பதற்குள் புயல் அவர்களைத் தாண்டிப் போயிருந்தாள். முதல் பரிசு அவர்களுக்கே கிடைத்தது.

பரிசு வாங்கிக்கொண்டு வரும்போது, தோற்ற அணிக்காரி ஒருத்தி புயலிடம் வந்தாள். குச்சி வருமா வராதா என்று தெரியாமல் எந்தத் தைரியத்தில் அப்படி ஓடினாய் என்று கேட்டாள்.

புயலுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

"பின்னாடி வர்றது நண்டு ஆச்சே" என்றாள்.