எந்த உருண்டை?

இளையவன் அன்று பகல் பதினொன்றரை மணிக்கு வழக்கம்போலக் கடற்கரை பாருக்கு வந்து சேர்ந்தான். ஸ்கூட்டரில், இரண்டு கால்களுக்கும் நடுவில், ஒரு காஸ் சிலிண்டர். பீப்பாயில் இருக்கும் பீர் தானாக மேலே ஏறி வராது. காஸ் அதன் தலைமேல் உட்கார்ந்து அழுத்த வேண்டும். அப்போதுதான் அது நடுக்குழாய்க்குள் புகுந்து மேலே வரும். இதைக் கேட்டவர்களுக்கும் சொல்வான், கேட்காதவர்களுக்கும் சொல்வான்.

கடை, அண்ணனும் அவனும் சேர்ந்து போட்டது. பாதி மணலிலும் பாதி தண்ணீரிலுமாக மரத்தூண்கள்மேல் நின்றது. அண்ணன் வாய், இவன் கை. வருகிறவர்களைச் சிரிக்கவைத்து உட்காரவைப்பது அண்ணன் வேலை. ஐஸ் மிஷின், குளிர்பெட்டி, ஸ்பீக்கர், படகு, கழிவறைத் தொட்டி எல்லாம் இவன் வேலை. எந்த மிஷினையும் கழற்றிப் பார்க்காமல் நம்பாதவன், பன்னிரண்டு வருஷமாக அண்ணன் சொல்லை மட்டும் கழற்றிப் பார்த்ததே இல்லை.

கடை ஷட்டரில் ஒருவர் முகத்தை அப்பிக்கொண்டு நின்றார். நீச்சல் டவுசர். ஒரு பாதம் பின்பக்கமாகத் திரும்பியிருந்தது.

"பன்னிரண்டுக்குத்தான் சார் திறப்போம்," என்றான் இளையவன்.

அவர் திரும்பவில்லை. மின்சாரம் இல்லாமல் நாலு நாள் மூடிக் கிடந்த குளிர்பெட்டியைத் திறந்தால் வரும் வாடை அவரிடமிருந்து வந்தது. ராத்திரி ஏற்றியது இன்னும் இறங்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டு, இளையவன் சமையலறை வழியாக உள்ளே போனான்.

ஒரு மணிக்குள் அப்படிப்பட்டவர்கள் நூறு பேர் ஆகிவிட்டார்கள்.

உள்ளே இருந்தது நாலு பேர். இளையவன், அண்ணன், அண்ணி, அப்புறம் மூணாம் மேசை. இந்த நாலாமவர் ஒரு இன்சூரன்ஸ் ஏஜெண்ட். கடையில் எத்தனை மேசை காலியாக இருந்தாலும் மூன்றாவது மேசையில்தான் உட்காருவார். அதனால் அதுவே அவர் பெயராகிவிட்டது. ஐஸ்கிரீம் வண்டிக்காரரை நாலைந்து பேர் சேர்ந்து மணலில் சாய்த்து, தோளில் வாய் வைத்ததை ஷட்டர் இடுக்கு வழியாக அவரும் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் மேசைக்கே திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

"இது எந்த பாலிசியிலயும் வராது," என்றார் மெதுவாக. "செத்துட்டாங்கன்னு எழுதினா, நடக்கிறாரேன்னு கேட்பாங்க."

"வாயை மூடிக்கிட்டு இருங்கண்ணே," என்றாள் அண்ணி. கையில் ஐஸ் குத்தும் ஊசி இருந்தது.

செத்தவர்கள் எதை வைத்து நடக்கிறார்கள் என்பதை இளையவன்தான் கண்டுபிடித்தான். ஐஸ் மிஷினில் தண்ணீர் உறைந்ததும் அச்சு கொஞ்சம் சூடாகும். கட்டிகள் கழன்று, கீழே இருக்கும் தொட்டியில் சடசடவென்று விழும். இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை. அப்படி விழும்போதெல்லாம் வெளியே இருந்த நூறு தலைகளும் சேர்ந்து அந்தச் சுவரைப் பார்த்துத் திரும்பின. கண்கள் வெந்த முட்டை மாதிரி வெளுத்திருந்தன. பலருக்கு மூக்கே இல்லை.

காதுதான் அவர்களை நடத்தியது.

அதனால் ஒவ்வொன்றாக அணைத்தான். ஐஸ் மிஷின், குளிர்பெட்டி, மின்விசிறி. கடைசியாக ஸ்டோர் ரூமுக்குள் போய் ஸ்பீக்கருக்கான ஆம்ப்ளிஃபயர். பாட்டு ஓடாதபோதும் அது, அலைச் சத்தத்தில் அமுங்கிவிடும் அளவுக்கு, வண்டு மாதிரி முனகும். சத்தத்தைப் பூஜ்யத்துக்குத் திருகி, சுவிட்சையும் அணைத்தான். சிவப்பு விளக்கு அவிந்தது. கடை முழுக்க அமைதி. அலை மட்டும் தூண்களுக்கு அடியில் வந்து போய்க்கொண்டிருந்தது.

ஐந்து மணிக்கு அண்ணன் எல்லோரையும் கவுண்டருக்குப் பின்னால் கூட்டிவைத்துக் காதோடு பேசினார்.

"படகு இருநூறு அடி தள்ளி நிக்குது. நாலு பேரும் தண்ணியில இறங்கினா சத்தம் கேட்கும். நான் மட்டும் நீந்திப் போறேன். கரையோட அந்தக் கோடியில, வாலிபால் ஆடுற இடத்துல, கம்பத்துல நம்ம இன்னொரு ஸ்பீக்கர் இருக்கில்ல. படகுல ஏறினதும் போன்லேருந்து அதைப் பாட விடறேன். இதுங்க எல்லாம் அங்க ஓடும். நான் படகைப் பின்படிக்குக் கொண்டுவந்து உங்களை ஏத்திக்கிறேன். கால் மணி நேரம்."

"நானும் வரேண்ணே," என்றான் இளையவன். "அந்த எஞ்சின்ல முதல்ல ஒரு வேலை செய்யணும். டேங்க்லேருந்து வர்ற குழாய்ல..."

"தம்பி, பாடம் எல்லாம் அப்புறம். கயித்தை இழுத்தா ஓடப்போகுது."

அண்ணி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "வந்துடுவீங்கல்ல?"

"உன்னை விட்டுட்டு நான் எங்கடி போகப்போறேன்?"

போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றினார். படகைக் கட்டக் கயிறு எடுத்து வருகிறேன் என்று ஸ்டோர் ரூமுக்குள் போனார். வெளியே வந்தார். பின்படி வழியாகத் தண்ணீரில் சத்தமில்லாமல் இறங்கினார்.

மூவரும் பின்பக்க ஜன்னல் இடுக்கில் கண் வைத்துப் பார்த்தார்கள். அண்ணனின் தலை ஒரு தேங்காய் போல மிதந்து போயிற்று. படகைப் பிடித்தார். ஏறினார். பையிலிருந்து போனை எடுத்தார்.

இளையவன் கரையின் கோடியைப் பார்த்துக் காதைத் தீட்டினான்.

"வாங்க, வாங்க, வாங்க."

தலைக்கு நேர் மேலே கேட்டது.

தினமும் மாலையில் கடையில் ஓடும் விளம்பரம் அது. அண்ணனே பேசிப் பதிவு செய்தது. "இது உங்க சொந்த வீடு. கூச்சப்படாம உள்ள வாங்க. ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்."

முன்பக்க ஷட்டர் ஒரு முறை உள்ளே வளைந்தது.

மறுபடியும் வளைந்தது.

அப்புறம் நூறு உடம்பும் அதன்மேல் சாய்ந்தன.

"என்னை ஒரு நாள்கூட இவ்வளவு ஆசையா கூப்பிட்டதில்ல," என்றாள் அண்ணி.

"போன்ல தப்பா அமுக்கிட்டார் அண்ணி," என்றான் இளையவன் அவசரமாக. "ரெண்டு ஸ்பீக்கர் பேரும் அடுத்தடுத்து இருக்கும். ஈரக்கை வேற. இப்ப மாத்திடுவார் பாருங்க. போன் என்ன செய்யும்னா, பாட்டை மட்டும்தான் அனுப்பும், ஆம்ப்ளிஃபயரை..."

அங்கே அவன் வாய் நின்றுபோயிற்று.

போனை வைத்து ஆம்ப்ளிஃபயரை உயிர்ப்பிக்க முடியாது. அதன் சுவிட்சை ஒரு மனிதன் விரலால்தான் போட வேண்டும். தன் கையால் அணைத்தது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது.

ஸ்டோர் ரூமுக்கு ஓடினான். அதன் வெளிக்கதவு வெறும் பிளைவுட். அது பிளந்து, நாலு விரல்கள் உள்ளே வந்து காற்றைத் தடவிக்கொண்டிருந்தன. ஒரு விரலில் கல்யாண மோதிரம். ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரிந்தது. சத்தத் திருகு கடைசி எண் வரை திருப்பப்பட்டிருந்தது. அண்ணன் எடுக்கப் போன கயிறு ஆணியில் அப்படியே தொங்கியது.

பின்னாலேயே வந்திருந்த அண்ணி அந்தக் கயிற்றைப் பார்த்தாள்.

"அப்ப, கை தவறி இல்ல," என்றாள்.

"இல்ல அண்ணி."

"நம்மளை இரையா வச்சுட்டுப் போயிருக்கார்."

இளையவன் அந்த விரல்களுக்கு எட்டாமல் சுவரோடு ஒட்டிப் போய்ச் சுவிட்சை அணைத்தான். "சொந்த வீ..." என்பதோடு அண்ணனின் குரல் அறுந்தது.

ஷட்டரில் அடி நின்றது. விரல்கள் அப்படியே காற்றில் நின்றன. செத்தவர்கள் காத்திருந்தார்கள்.

அப்போது கடலிலிருந்து கேட்டது.

கர்ர்ர்.

கொஞ்சம் இடைவெளி.

கர்ர்ர்.

அண்ணன் படகு எஞ்சினின் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். எஞ்சின் பிடிக்கவில்லை. கரை முழுக்க இப்போது இருந்தது அந்த ஒரு சத்தம்தான். ஷட்டரை விட்டு ஒவ்வொருவராக விலகி, கடையைச் சுற்றிக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்தார்கள்.

ஏன் பிடிக்கவில்லை என்பது இளையவனுக்குத் தெரியும். பெட்ரோல் டேங்க்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயின் நடுவில் கைக்கு அடக்கமாக ஒரு ரப்பர் உருண்டை இருக்கும். அது கல்லாக இறுகும்வரை அமுக்க வேண்டும். அப்போதுதான் பெட்ரோல் ஏறும். இல்லாவிட்டால் நாள் முழுக்க இழுத்தாலும் வெறும் காற்றைத்தான் குடிக்கும். பன்னிரண்டு வருஷமும் அதை அமுக்கியது இவன். அண்ணன் ஏறி உட்கார்ந்ததும் ஓடத் தயாராக இருக்கும்.

கோபம் வந்தது. நெஞ்சு எரியும் அளவுக்கு வந்தது. ஆனாலும் ஒரு மிஷினைத் தப்பாகப் போட்டுப் படுத்துவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவனால் முடிந்ததில்லை. அதோடு, அது அண்ணன்.

"நீ கத்தினா இங்கதான் திரும்பி வருவாங்க," என்றாள் அண்ணி, அவன் முகத்தைப் பார்த்து.

"தெரியும் அண்ணி."

அவள் ஐஸ் ஊசியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "சரி, கத்து. இல்லாட்டி உனக்கு ஆயுசுக்கும் தூக்கம் வராது. எனக்கு வரும், அது வேற."

மூணாம் மேசை அதற்குள் சமையலறை ஜன்னலைத் திறந்து ஒரு காலை ரோட்டுப் பக்கம் போட்டிருந்தார்.

இளையவன் பின்கதவைத் திறந்து கைகளை வாயில் குவித்தான்.

"அண்ணே, ரப்பர் உருண்டையை அமுக்கு!"

நூறு தலைகள் கடைப் பக்கம் திரும்பின.

படகில் அண்ணன் நிமிர்ந்தார். காதில் கை வைத்தார்.

"எந்த உருண்டை?"

நூறு தலைகள் படகுப் பக்கம் திரும்பின.

"குழாய்ல இருக்கு!"

தலைகள் இங்கே.

"எந்தக் குழாய்டா?"

தலைகள் அங்கே.

சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுதுவிடுவோம் என்று இளையவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஐந்து நிமிஷம் உட்கார்ந்து கேட்டிருந்தால் போதும்.

"நீ சொல்றது ஒண்ணும் புரியலடா, தெளிவாச் சொல்லுடா!" அண்ணன் பயந்துபோய்த் தொடர்ந்து கத்தினார். திட்டினார். கெஞ்சினார். பேச்சை நிறுத்த அவருக்குத் தெரியவில்லை. செத்தவர்களும் அதற்குமேல் இந்தப் பக்கம் திரும்பவில்லை. தண்ணீர் இடுப்புக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது, அவர்கள் நிற்கவில்லை. தலைகள் ஒவ்வொன்றாக மூழ்கின. ஓலைத் தொப்பிகள் மட்டும் அலையில் மிதந்தன.

கடல் வெறுமையாக இருந்தது.

அப்புறம் படகின் விளிம்பில் ஒரு கை.

அண்ணி அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். "போதும். பார்க்காதே, வா."

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மூவரும் கடலோர ரோட்டில் நடந்தார்கள். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டரைக் கிளப்ப யாருக்கும் துணிச்சல் இல்லை. அண்ணனின் குரல் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. அரை மைல் தூரம் வந்துவிட்டார்கள்.

மூணாம் மேசைதான் முதலில் நின்றார்.

கடலில் ஒரு எஞ்சின் பிடித்தது. ஒரே இழுப்பில். திணறாமல், இருமாமல், சீராக.

"உருண்டையை அமுக்கியிருக்காங்க," என்றான் இளையவன் தன்னை மறந்து. "கல்லு மாதிரி ஆகுற வரைக்கும் அமுக்கியிருக்காங்க. இல்லாட்டி இப்படி முதல் இழுப்புல..."

கடல் பக்கம் திரும்பினான்.

மங்கிய வெளிச்சத்தில் படகு கரையோரமாக வந்துகொண்டிருந்தது. அதில் நெருக்கியடித்து நிறையப் பேர் நின்றார்கள். எஞ்சின் பக்கம் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். வேகம், இவர்களுடைய நடை வேகம்.

மூவரும் நின்றார்கள். எஞ்சின் சத்தம் இறங்கி, நின்ற இடத்தில் முனகியது.

நடந்தார்கள். அது ஏறியது.

மறுபடி நின்று பார்த்தார்கள்.

"அவரேதான்," என்றாள் அண்ணி. கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. "நாம நின்னா நிக்கிறார், பாரு. உயிரோட இருந்தப்ப எனக்காக ஒரு நாள் நின்னதில்ல."

அவள் நடக்கத் தொடங்கினாள்.

படகும்.