இன்னும் கொஞ்சம் இருங்க, டாக்டர்!

செல்போன் அடித்தது.

இன்ஸ்பெக்டர் எடுக்கவில்லை. எடுக்கும் நிலையில் அவர் இல்லை. ஒரு பழைய பிக்கப் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். ஒரு கையில் ஸ்பேனர், இன்னொரு கையில் டார்ச், இமை மேல் ஒரு சொட்டு கிரீஸ்.

மறுபடி அடித்தது...

சட்டைப் பையிலிருந்து போனை இரண்டு விரலால் இழுத்துக் காதில் வைத்தார். மேலதிகாரி.

"என்னய்யா, ஏதாவது கிடைச்சுதா?"

"துரு கிடைச்சுது சார்."

"விளையாடாதே. அந்தப் பல் டாக்டர் எங்கே?"

"வண்டிக் கூரை மேல இருக்கார். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சார்."

"திடீர்னு கிளம்பிடப் போறான்யா."

"நான் விட்டாத்தானே சார்."

வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். முதுகு வலித்தது. முட்டி வலித்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற நாள் நெருங்கிக்கொண்டிருக்கும் மனிதர். சாய்வு நாற்காலிக்கு ஆசைப்பட வேண்டிய வயதில் சைலன்சருக்குக் கீழே படுத்திருந்தார்!

விஷயம் இதுதான்.

டாக்டரின் மாமனார் ஒரு மரக்கடை முதலாளி. மகள் வீட்டில்தான் இருந்தார். ஒரு நாள் காலையில் நடைப்பயிற்சிக்குப் போனவர் திரும்பவில்லை. அப்படித்தான் மகள் புகார் கொடுத்தாள். கைத்தடி கிடைக்கவில்லை, செருப்பு கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை.

சொத்தெல்லாம் ஒரே மகளுக்கு. மகளுக்கு ஒரே புருஷன். போலீஸ் மூளை வேறு எங்கே போகும்? நேராக மாப்பிள்ளையிடம் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்த மனிதரும் சும்மா இருக்கவில்லை. தேடல் சூடு ஆறுவதற்குள் கிளினிக்கை இழுத்து மூடினார். முதுகில் குட்டி அறையைச் சுமந்த ஒரு செகண்ட் ஹேண்ட் கேம்பர் வண்டியை வாங்கினார். உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு தொட்டி. மனைவியோடு நாடு நாடாகத் தரை வழியே போகப் போகிறாராம்! பாலைவனம், மலை, ஆளில்லாத சாலை...

மாமனார் போயாயிற்று, அடுத்தது மனைவி. அதுதான் மேலதிகாரியின் கணக்கு. நடுப் பாலைவனத்தில் ஒருத்தி காணாமல் போனால் யார் போய்த் தேடுவது? பிணம் கிடைக்காமல் டாக்டரைக் கைது செய்ய முடியாது. கைது செய்யாமல் பயணத்தைத் தடுக்க முடியாது. அந்தப் பெண்ணின் உயிர் ஒரு பழைய வண்டி எப்போது தயாராகும் என்பதில் தொங்கிக்கொண்டிருந்தது.

அதனால்தான் வேறு ஊரிலிருந்து இன்ஸ்பெக்டரை வரவழைத்தார்கள். எதிர் வீட்டு மாடியில் குடியேறினார், உலகம் சுற்றி ஓய்ந்த லாரி டிரைவராக! உண்மையில் ஜீப்பைத் தவிர அவர் எதிலும் ஏறியதில்லை. அதையும் ஏட்டுதான் ஓட்டுவார்.

அவர் கையில் இருந்த ஒரே ஆயுதம் யோசனை.

முதல் நாளே வண்டியைச் சுற்றி வந்து உதட்டைப் பிதுக்கினார். இந்தக் கூரை ஒரு மழைக்குத் தாங்காது என்றார். சும்மா அடித்துவிட்டதுதான். டாக்டர் உள்கூரையைப் பிரித்துப் பார்த்தார். பலகை உளுத்துப் போயிருந்தது! இன்ஸ்பெக்டருக்கே தூக்கிவாரிப் போட்டது.

டாக்டர் பல் நோண்டும் கம்பியை எடுத்து வந்தார். சொத்தையைச் சுரண்டுவது போல உளுத்ததைச் சுரண்டி எடுத்தார். புதுப் பலகை வைத்தார். இடுக்கெல்லாம் சிலிகான் பூசினார். அவசரமே படவில்லை.

பிறகு ஸ்பிரிங் பட்டை. இந்தப் பாரத்துக்கு ஒரு பட்டை கூடுதலாக வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். டாக்டர் தலையாட்டினார். பிறகு டயர், கேஸ் குழாய், தண்ணீர்த் தொட்டி. தொட்டியைக் கழற்றிக் கழுவி மாட்டிய பிறகு, இன்னொரு முறை கழுவினால் நல்லது என்றார். அதற்கும் தலையாட்டினார். இப்படி ஒரு சொன்ன பேச்சு கேட்கிற குற்றவாளியை அவர் சர்வீஸில் பார்த்ததில்லை.

சொன்ன பாவத்துக்குக் கூடவே நின்று வேலையும் செய்ய வேண்டியிருந்தது. சாயங்காலம் மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் மேலதிகாரியைத் திட்டினார்.

டாக்டரின் மனைவி அதிகம் பேசமாட்டாள். டீ கொண்டு வருவாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். தினமும் ஒரே கேள்வி.

"எப்போ முடியும் அண்ணே?"

அதைக் கேட்கும்போதெல்லாம் இன்ஸ்பெக்டர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவார். பாவம், தன் சாவு எந்தத் தேதியில் என்று கேட்கிறாளே!

ஒரு தடவை டாக்டர் கடைக்குப் போயிருந்த சமயம் பார்த்துக் கேட்டும் விட்டார்.

"ஏம்மா, உனக்கு ஏதாவது பயமா இருந்தா என்கிட்ட சொல்லு. என்னைக் கூடப் பிறந்தவனா நெனச்சுக்கோ."

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"எனக்கென்ன பயம் அண்ணே? அவருக்குத்தான் ராத்திரியெல்லாம் தூக்கமே வர்றதில்ல."

குற்றமுள்ள நெஞ்சு... எப்படித் தூங்கும்? இன்ஸ்பெக்டர் மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

கடைசியில் பழுது பார்க்க வண்டியில் ஒரு ஆணி பாக்கியில்லை. வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்ஸ்பெக்டருக்கு வியர்த்தது. யோசனை வற்றிவிட்டது. மூளையைக் கசக்கிப் பிழிந்ததில் ஒன்றே ஒன்று சொட்டியது.

அறையை வண்டியிலிருந்து ஒரு தடவை தூக்கி இறக்கி, அடியில் இருக்கும் போல்ட்டுகளைப் பார்க்க வேண்டும் என்றார். அறைக்கு நான்கு ஜாக்கிக் கால் உண்டு. ஆனால் பின்பக்கத் தோட்டத்தில் மண் இளகல், கால் புதைந்துவிடும். அதனால் முதலில் ஒரு சிமெண்ட் தளம் போடணும், தண்ணீர் ஊற்றி வாரக்கணக்கில் இறுக விடணும்.

முதல் தடவையாக டாக்டர் தலையாட்டவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"வேண்டாம் அண்ணே. தோட்டத்துல வேண்டாம். வேணும்னா வாசல் பக்கம் போட்டுக்கலாம்."

'ஆஹா... வாசல் தரை கெட்டி, சீக்கிரம் கிளம்பிடலாம்னு பாக்கறான்!' இன்ஸ்பெக்டருக்கு உடம்பெல்லாம் விழித்துக்கொண்டது.

அப்போதுதான் சமையலறை வாசலிலிருந்து குரல் வந்தது. மனைவி.

"அண்ணன் சொல்றதுதான் சரி. தோட்டத்துலயே போட்டுடலாம். போட்டுட்டே கிளம்பலாம்."

இடத்தையும் அவளே காட்டினாள். இன்ஸ்பெக்டர் நெகிழ்ந்து போனார். அவளுக்கும் போக விருப்பமில்லை! தாமதம்தான் வேண்டும்! வாய் விட்டுச் சொல்ல முடியாமல் ஜாடை காட்டுகிறாள்! அந்த நெகிழ்ச்சியில் அவரே மண்வெட்டியைப் பிடித்தார். மணலும் ஜல்லியும் சிமெண்டும் அவரே கலந்தார். டாக்டர் ஒரு ஓரமாக உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

தளம் இறுகியது. அறையை இறக்கிப் பார்த்தார்கள். போல்ட்டெல்லாம் சரியாக இருந்தது. திரும்ப ஏற்றினார்கள்.

மாமனார் பற்றி ஒரு துப்பும் வரவில்லை. கிளம்பும் நாள் வந்துவிட்டது.

அன்று காலை எஞ்சின் உறுமிக்கொண்டு நின்றது. முன் சீட்டில் மனைவி, மடியில் பையோடு. டாக்டர் பின் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் போய் அவர் கையைப் பிடித்தார். நடிக்கத் தெம்பில்லை.

"டாக்டர், நான் லாரி டிரைவர் இல்ல."

"தெரியும் இன்ஸ்பெக்டர் சார்."

இன்ஸ்பெக்டர் பிடித்திருந்த கையை விட்டார்.

"எப்... எப்போ தெரியும்?"

"வந்த வாரமே. நெறையப் பயணம் போனவன் எவனும் இன்னும் கொஞ்சம் இருங்கன்னு சொல்லமாட்டான் சார். கிளம்பு, மிச்சத்தை வழியில பாத்துக்கலாம்னுதான் சொல்லுவான். நீங்க ஒருத்தர்தான் இரு இருன்னீங்க."

"தெரிஞ்சுமா நான் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினே?"

டாக்டர் முன்பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். குரல் இறங்கியது.

"நீங்க இந்த வாசல்ல நிக்கிற வரைக்கும் நான் உயிரோட இருப்பேன் சார். அதான்."

"என்ன சொல்றே?"

"கிளினிக்கை மூடச் சொன்னது அவ. வண்டி வாங்கச் சொன்னது அவ. ஆளில்லாத ரோடாப் பாத்து வழி போட்டதும் அவதான். மாமனார் காணாமப் போன அன்னிக்குத் தோட்டத்துல புது மண்ணு கிடந்துது. என்னன்னு கேட்டேன். செடி நட்டேன்னா. செடி எங்கேன்னு நான் கேக்கலை. ஆனா பாத்துட்டேன்னு அவளுக்குத் தெரியும்."

"இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா? மாமனாரைப் புதைச்ச இடம் உனக்கெப்படித் தெரியும்னு என்னைத்தானே கேட்டிருப்பீங்க? என்னிக்காவது நீங்களே தோண்டுவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன் சார். நீங்க என்னடான்னா..."

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை. இன்ஸ்பெக்டர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தார். மண்வெட்டி பிடித்த காய்ப்பு இன்னும் மறையவில்லை.

முன் சீட்டிலிருந்து அமைதியான குரல் வந்தது.

"என்னங்க, நேரமாகுதில்ல?"

இன்ஸ்பெக்டர் நேராகப் போனார். ஜன்னல் வழியே கையை நீட்டி வண்டிச் சாவியை உருவினார். எஞ்சின் நின்றது.

"இறங்கும்மா."

"என்ன அண்ணே, அவர் ஏதாவது சொன்னாரா? அவர் பேச்சையா நம்பறீங்க?"

"யார் பேச்சையும் நம்பலை. தளத்தை உடைச்சுப் பாத்துக்கறேன்."

அவள் ஓடவில்லை. அழவும் இல்லை. மடியிலிருந்த பையைப் பக்கத்துச் சீட்டில் வைத்தாள். எத்தனையோ நாள் தூங்காதவள் போல ஒரு கொட்டாவி விட்டாள்.

"அந்த வயசுல எங்கப்பாவுக்கு இன்னொரு கல்யாணம் கேட்டுது. கடை, வீடு எல்லாம் வர்றவளுக்குன்னார். இவர் பெட்டியில இருந்த தூக்க மாத்திரையைத்தான் பால்ல போட்டேன். கண்டுபிடிச்சாலும் போலீஸ் இவரைத்தான் சந்தேகப்படும்னு நெனச்சேன்." இன்ஸ்பெக்டரை ஏறிட்டுப் பார்த்தாள். "பட்டீங்க இல்ல?"

இன்ஸ்பெக்டர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இத்தனை நாளும் யாருடைய உயிரைக் காப்பாற்றுகிறோம் என்று தெரியாமலே ஒரு உயிரைக் காப்பாற்றியிருந்தார்! வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

மத்தியானம் ஏட்டு சம்மட்டியோடு வந்தார். அடித்தார், அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். வெயில் இறங்கியும் தளத்தில் ஒரு விரிசல்தான் விழுந்திருந்தது. சட்டை தொப்பலாக நனைய, சம்மட்டியை ஊன்றி மூச்சு வாங்கினார்.

"எந்த மடையன் சார் இப்படி ஒரு கலவை போட்டது? பொணத்தை மறைச்ச குத்தத்துக்கு முதல்ல அவனைத் தூக்கி உள்ள வைக்கணும் சார்."

இன்ஸ்பெக்டர் முட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"விட்டுடுய்யா. அடுத்த மாசம் ரிட்டையர் ஆறான்."