ஏழாம் பின்

எந்த மின்பலகையைப் பழுது பார்க்க அமர்ந்தாலும், மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, அது பொய் சொல்லவில்லை என்று உறுதி செய்துகொண்ட பின்னரே வேலையைத் தொடங்குவது அந்தப் பொறியாளரின் வழக்கம். இருபது ஆண்டுகளாக அது மாறவில்லை. கருவியைச் சோதிக்கத் தவறாதவர், தம்மைச் சோதித்துக்கொள்ள மட்டும் ஒருநாளும் நேரம் ஒதுக்கியதில்லை.

அன்று பிற்பகல், மழையின் இரைச்சல் தகரக் கூரையை நிறைத்திருக்க, உருகிய ஈயத்தின் நெடியும் பழைய எண்ணெயின் வாடையும் கலந்து தொங்கிய பட்டறையில், தகடுகளை அழுத்தும் பிரஸ் எந்திரத்தின் முன் அவர் நின்றிருந்தார். எந்திரத்தை இயக்கும் சில்லான மைக்ரோகன்ட்ரோலரின் ஏழாம் பின்னோடு, அதாவது ஏழாவது உலோகக் காலோடு, இணைந்த சிவப்பு விளக்கு, யாரும் கட்டளையிடாமலே எரிந்துகொண்டிருந்தது. விளக்கு எரிந்தால் மேல்தட்டு இறங்க வேண்டும். இறங்கவில்லை. அவர் விலகினால் விளக்கு அணைந்தது, நெருங்கினால் எரிந்தது.

"என்ன சார், மறுபடியும் ஏழாவதா?" என்றாள், பற்றவைக்கும் மேசையில் இருந்தவள். மூன்று மாதங்களுக்கு முன் இதே எந்திரத்தில் கையையும் உயிரையும் பறிகொடுத்தவனின் மனைவி.

"சாதாரண லூஸ் கனெக்ஷன்மா."

"உங்களுக்கு எல்லாமே சாதாரணம்தான். என் புருஷன் போனதுக்கும் ஒத்த வரிதானே எழுதினீங்க, கவனக்குறைவுன்னு. 'அப்பாவுக்கு வேலை தெரியாதாம்மா'ன்னு என் பொண்ணு கேக்குறா."

அவர் மீட்டரைக் கையில் எடுத்தார். மின்சாரம் வந்ததும், நிரல் விழித்தெழுவதற்குள், ஒரு கணம் அந்தப் பின் யாருக்கும் கட்டுப்படாமல் அலையும். அதை அடக்கி வைக்க ரெசிஸ்டர் என்னும் சிறு மின்தடை ஒன்று போதும். இந்த மின்பலகையைச் செய்தபோது அவர் அதை வைக்க மறந்திருந்தார். மின்சாரம் போய்த் திரும்பிய நொடியில், தகட்டை எடுக்கக் கையை உள்ளே விட்டவன்மேல் தட்டு இறங்கியது. ஆய்வாளர்கள் வருமுன், தரையைக் கழுவிய ஈரம் காயுமுன், அவரே அந்த ரெசிஸ்டரைப் பற்றவைத்துவிட்டு, எந்திரத்தில் குறையில்லை என்று எழுதிக் கொடுத்தார்.

இப்போது அதே ரெசிஸ்டரை அளந்தார். சரியாக இருந்தது. பற்றுகளைப் புதுப்பித்தார். விளக்கு எரிந்தது. மைக்ரோகன்ட்ரோலரையே பிடுங்கி மேசைமேல் வைத்தார். எரிந்தது. சுவரிலிருந்து மின்கம்பியை உருவினார்.

எரிந்தது.

கழற்றாதது ஒரே ஒரு கம்பி. அது தட்டுக்கு அடியில் இருந்தது.

"கழட்டுங்க சார். கரண்டே இல்லையே."

"கழட்டறேன்."

"மிஷின்ல குத்தமே இல்லன்னு எழுதினவரு நீங்க. நீங்களே பயந்தா எப்படி?"

பயம் என்று ஒப்புக்கொண்டால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதாகிவிடும். கையை உள்ளே விட்டார்.

மோட்டார் ஓடவில்லை. சத்தமே இல்லை. தட்டு இறங்கியது. மெதுவாக. விரல்கள்மேல் வந்து நின்றது. இழுத்தார். வரவில்லை.

"நான்தான்மா," என்றார். "ரெசிஸ்டர் வைக்காம விட்டது நான். அப்புறம் வச்சு மறைச்சதும் நான். அவர்மேல தப்பில்ல."

அவள் அலறவில்லை. எழுந்து வந்து, அவருடைய இடக்கைப் பக்கம் ஒரு தாளையும் பேனாவையும் வைத்தாள்.

"எனக்குச் சொல்லிட்டீங்க. இப்போ எல்லாருக்கும் எழுதுங்க."

இடக்கையால், குழந்தை எழுதுவதுபோல் கோணல் கோணலாக எழுதினார். தேதி. தம் பிழை. தம் பொய். பேனா தயங்கிய இடத்திலெல்லாம் தட்டு ஒரு மயிரிழை இறங்கியது. கையெழுத்திட்டார். அவள் நிதானமாகப் படித்தாள். தாளை மடித்து மார்போடு அணைத்தபடி, மழையில் இறங்கி அலுவலகத்தை நோக்கி நடந்தாள்.

விளக்கு அணைந்தது.

தட்டு உயரவில்லை.

அதன் அடியில், இன்னொரு கைக்கு இடமே இல்லாத அந்த இருட்டில், ஐந்து விரல்கள் ஒவ்வொன்றாக வந்து அவருடைய விரல்களோடு கோத்துக்கொண்டன.