பிஸ்கோத்தின் நிம்மதி

கல்யாணப் பந்தியில் மூன்றாவது ஜிலேபியை விழுங்கும்போதே செங்கோட்டுவேலுக்குப் பசித்தது. பசி அவர் தத்தெடுத்த நாயினுடையது. இலையில் உட்கார்ந்தபடியே காப்பக மருத்துவர் தமயந்தியைக் கைப்பேசியில் பிடித்தார்.

"ஏனுங் டாக்டரம்மா, பிஸ்கோத்துக்கு இன்னும் சோறு வெக்கலீங்களா? எனக்கு வயித்தைக் கிள்ளுதுங்க."

கோவையில் அவர் தலைவராக வீற்றிருந்த உயிர்நேய அறக்கட்டளையின் புதுமை அது. விலங்கின் கழுத்துக்குள் அரிசிமணி அளவில் ஒரு சில்லு. தத்தெடுத்த புரவலரின் மணிக்கட்டில் உணர்பட்டை. அங்கே வலித்தால் இங்கே வலிக்கும். பட்டை வந்தபிறகு காப்பகத்தில் எந்த விலங்கும் பட்டினி கிடக்கவில்லை. நாயின் புண்ணில் ஈ உட்கார்ந்தால் ஏதோ ஒரு பங்களாவில் யாரோ சொறிந்துகொண்டார்கள். உடனே மருந்து வந்தது.

ஆண்டு விழாவில்தான் சிக்கல். மீட்கப்பட்ட விலங்கை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவது அறக்கட்டளையின் மரபு. செண்டை மேளம் முழங்க, கேமராக்கள் மின்ன, மூன்று காலில் நின்ற பிஸ்கோத்து நடுங்கியது. "வாயில்லா ஜீவன்களின் கண்ணீரை..." என்று தொடங்கிய செங்கோட்டுவேலின் பற்கள் கிட்டித்துக்கொண்டன. மேஜைக்கடியில் புக முயன்றார். நாய் மேடையை நனைத்த அதே கணத்தில் தலைவரின் பட்டு வேட்டியும் நனைந்தது.

செயற்குழு அவசரமாகக் கூடியது.

"மேடைக்குக் கூட்டிட்டு வராம இருந்தாப் போதுமுங்க," என்றாள் தமயந்தி.

செயலாளர் நாச்சிமுத்து சிரித்தார். "போட்டோ இல்லாம தருமம் பண்றதுக்கு நாம என்ன சாமியாருங்களா? பயத்துக்கு ஊசி கீசி கெடையாதா?"

இருந்தது. மறுத்தால் பட்டைகளைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். பழையபடி யாருக்காவது ஞாபகம் வந்தால்தான் சோறு. விழாவுக்கு மட்டும்தானே என்று போட்டாள்.

அடுத்த விழாவில் பிஸ்கோத்து அரைக்கண் மூடி மாலையோடு சாய்ந்து கிடந்தது. தலைவரின் முகத்தில் அவர் மனைவிகூடப் பார்த்திராத சாந்தம். மற்றப் புரவலர்கள் சும்மா இருப்பார்களா?

"டாக்டரம்மா, சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க. எங்க பூனைக்கு ஒண்ணு போட்டு உடுங்க."

"வருமானவரிக்காரங்க வாசல்ல நிக்கறாங்க. கழுதைக்கு ரெண்டாப் போடுங்க."

காப்பகத்தில் குரைப்பே இல்லாமல் போயிற்று. எந்தப் பட்டையிலும் துன்பம் பதிவாகவில்லை. 'துயரற்ற காப்பகம்' என்று விருது வந்தது. தட்டுகளில் சோறு காய்ந்து கிடந்தது. பசிதான் ஒருவருக்கும் எட்டவில்லையே.

காய்ந்த தட்டுகளைப் பார்த்தபிறகு தமயந்திக்கும் சோறு இறங்கவில்லை. ஒரு மாலை, சோதனைப் பட்டை ஒன்றைப் பிஸ்கோத்தின் சில்லோடு இணைத்துக் கையில் கட்டிக்கொண்டு, ஊசியோடு கூண்டுக்கு நடந்தாள். நெருங்க நெருங்க அவள் நெஞ்சு படபடத்தது. அவளுடைய செருப்புச் சத்தத்துக்குத்தான் அந்தப் பயம். ஊசியைக் கீழே வைத்தாள்.

கைப்பேசி அலறியது. செங்கோட்டுவேல்.

"பிஸ்கோத்து எதையோ கண்டு மெரளுதுங்க. என்னால உக்கார முடியல."

"என்னைப் பாத்துத்தானுங்க. ஊசின்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு."

"அடப் பாவமே! அப்பச் சீக்கிரமாப் போட்டு உடுங்க, பயம் தெளியட்டும்."

கூண்டுக்குள் பிஸ்கோத்து தானாகவே முன்காலை நீட்டியது. அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் தமயந்தி ஊசியை எடுத்துப் போட்டாள்.

"புண்ணியமாப் போகுமுங்க டாக்டரம்மா," என்று அவர் பெருமூச்சுவிட்டார்.

இனி யாருக்கும் போடுவதில்லை, இன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தபடி அவள் பட்டையைக் கழற்றக் கை வைத்தாள். அதற்குள் அவளுக்கும் நிம்மதியாக இருந்தது.