பள்ளிகொண்டாவில் உட்கார்ந்திருப்பது யார்

வெள்ளிக்கிழமை பகலில் பள்ளிகொண்டா குடோனில் வாட்ச்மேனைத் தவிர யாரும் இருக்க முடியாது. ஆனால் ஆம்பூர் ஆபீஸ் கம்ப்யூட்டரின் பச்சைத் திரை பூரணியைக் கேட்டுக்கொண்டிருந்தது: ‘அங்கே ஒருவர் வேலை செய்கிறார். அப்படியும் நிறுத்தலாமா?’

அந்தக் கேள்வியை எழுதி வைத்தவர் ஆபீஸின் புரோகிராமர் ஷபீ அஹமது; அதற்குக் காரணம் பூரணிதான். போன மாதம் பூரணி இங்கே உட்கார்ந்தபடியே, போன் லைன் வழியாக, பள்ளிகொண்டா கம்ப்யூட்டரைத் தவறுதலாக நிறுத்திவிட்டாள். அங்கே குடோன் கணக்கு எழுதும் ஜஹீதா ஏற்றிக்கொண்டிருந்த கணக்கெல்லாம் போயிற்று. “இன்னொரு வாட்டி ஆச்சுன்னா குடியாத்தம் போய் உங்க வீட்டுத் தறியே ஓட்டு” என்றார் முதலாளி. இன்றைக்கு இரண்டு ஊரிலும் இன்னும் சற்று நேரத்தில் கரண்ட் கட். அதற்குள் முறையாக நிறுத்தாவிட்டாலும் கணக்கு போகும், வேலையும் போகும்.

ஜும்மா தொழுகைக்காகத் தோல் பதனிடும் டேனரி மூடியிருந்தது. ஓயாமல் உருளும் மர டிரம்கள் நின்றுவிட்டதால், மற்ற நாளில் காதில் விழாததெல்லாம் விழுந்தது: சுண்ணாம்புத் தொட்டியில் ஊறும் தோல் ஒன்று மெல்லப் புரளும் சத்தம், தலைக்கு மேல் விசிறியின் முனகல், ஈர வாடை நிரம்பிய காலி வராந்தாவில் எங்கோ ஒரு கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் சத்தம்.

இன்னொரு போனில் குடோன் வாட்ச்மேனைக் கூப்பிட்டாள்.

“முனிரத்தினம் அண்ணே, கம்ப்யூட்டர் ரூம்ல யாரு?”

“இன்னாம்மா, வெள்ளிக்கிழமை யாரு வரப்போறாங்க? பூட்டு தொங்குது.”

“ஜன்னல்ல பாத்துட்டு சொல்லுங்க. பயமா இருக்கு.”

“பட்டப்பகல்ல பயமா? காப்பி ஜாஸ்தியாய்டுச்சு உனக்கு. இரு.”

செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. அங்கே இருப்பவரின் பெயரைத் திரையிடம் கேட்டாள்.

‘பூரணி. பள்ளிகொண்டா, கம்ப்யூட்டர் அறை.’

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். செருப்புச் சத்தம் திரும்பியது. ஓட்டமாக.

“யம்மா... நீ எங்கேர்ந்து பேசுறே?”

“ஆம்பூர்லேர்ந்து.”

“அப்போ உள்ள உக்காந்துனு இருக்கறது யாரு? உன் ஜடை. ஊதாப் புடவை. கூப்ட்டா திரும்ப மாட்டேன்றே...”

பூரணி குனிந்து தன் புடவையைப் பார்த்தாள்.

ஊதா.

விசிறி தடுமாறியது. கரண்ட் போகப் போகிறது. கணக்கு. வேலை. தறி.

‘நிறுத்தலாமா?’

ஆம் என்று அழுத்தினாள்.

‘பூரணி இன்னும் இருக்கிறார். உறுதியாகவா?’

ஆம்.

“ஐயோ, சாஞ்சுட்டியேம்மா!” போனில் அலறல்.

திரை கறுத்தது. அந்தக் கண்ணாடியில் ஆபீஸ் தெரிந்தது. ஜன்னல். நின்றுபோன விசிறி. கம்பியில் தொங்கி ஆடும் ரிசீவர்.

காலி நாற்காலி.