கெப்பாசிட்டர் மாற்றிய மத்தியானம்

அக்கா செத்த பிறகு அந்த வீட்டுப் படி ஏறுவதில்லை என்றுதான் இருந்தான், டிரான்ஸ்ஃபார்மருக்குக் கம்பி சுற்றிப் பிழைக்கும் தம்பி. அக்கா புருஷன் விடுவதாக இல்லை. "நீ சுத்திக் குடுத்த டிரான்ஸ்ஃபார்மர்லதான் ஏதோ கோளாறு, வந்து பாரு மாப்ளே" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார். தொழிலைக் குறை சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? அதோடு, அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இவன் தொண்டையில் முள்ளாகச் சிக்கியிருந்தது. ஒரு மத்தியான வேளையில் பையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றான்.

மாமா பாட்டுக் கேட்பதற்கென்றே ஓர் அறை வைத்திருந்தார். ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் பஞ்சு. கதவின் இரு பக்கமும் பஞ்சு திணித்துத் தைத்த ரெக்சின். ஆம்ப்ளிஃபயருக்கான பவர் சப்ளையைத் தானே கட்டுவார். அதிலிருந்து ஸ்பீக்கருக்கு ஒரு கொசுவின் முனகல்கூட வரக் கூடாது. அதற்காக வருஷக்கணக்கில் வீட்டையே வாய்மூட வைத்திருந்தார். ஃபிரிட்ஜை அணைப்பார், ஃபேனை அணைப்பார். அவர் உள்ளே இருக்கும்போது அக்கா குரல் கொடுக்கக் கூடாது. அவசரம் என்றால் உள்ளங்கையால் கதவைத் தட்டலாம். இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு இன்னொன்று. தட்டினாலும் திறப்பார் என்று நிச்சயமில்லை.

அந்தக் கதவுக்கு வெளியேதான் அக்கா விழுந்து கிடந்தாள்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் காது அடைத்துக்கொண்டது. சூடான வார்னிஷ் வாடை. இவன் மூச்சு இவனுக்கே பெரிதாகக் கேட்டது.

"அன்னிக்கு அக்கா தட்டவே இல்லையா, மாமா?"

"எத்தன தடவ கேப்பே? தட்டியிருந்தா எந்திரிச்சு வந்திருக்க மாட்டேனா? மொதல்ல இதக் கேளு."

பாட்டு எதுவும் ஓடவில்லை. வால்யூமை மட்டும் முழுக்கத் திருப்பினார். தம்பி ஸ்பீக்கரில் காதை வைத்தான். இரைச்சல் துளிகூட இல்லை. கெட்டிக்காரர்தான், பாவி.

டொப். டொப்.

டொப்.

ஸ்பீக்கருக்குள்ளிருந்துதான் வந்தது.

பிளக்கைப் பிடுங்கினான். கெப்பாசிட்டரில் தேங்கியிருந்த கரண்ட் வடியும்வரை ரெசிஸ்டரைக் குறுக்கே பிடித்திருந்தான். மீட்டர் முள் பூஜ்யத்துக்கு வந்து நின்றது. இனி அந்தப் பெட்டி வெறும் இரும்பும் செம்பும்தான்.

டொப். டொப்.

டொப்.

"கரண்டே இல்ல மாமா," என்று கிசுகிசுத்தான்.

"அதான் எனக்கும் புரியல. அன்னிக்கும் இதே சத்தம்தான். கெப்பாசிட்டர்தான் போயிடுச்சுன்னு ஒண்ணொண்ணா மாத்திட்டே இருந்தேன். கடைசிக் கெப்பாசிட்டர மாத்தினதும் நின்னுடுச்சு. அப்பாடான்னு கதவத் தொறந்தா, அவ கெடக்கா."

சொன்னது என்னவென்று அவருக்கே உறைக்கவில்லை. முகத்தில் ரிப்பேர்க் கவலை மட்டும்தான் இருந்தது.

"அது நீங்க மாத்தினதால நிக்கல," என்றான் தம்பி. "அது அக்கா."

"உளறாதே. அவ தட்டினா கதவுல கேக்கணும். ஸ்பீக்கர்ல எப்படி வரும்?"

இந்த ஆளிடம் அழுது என்ன பயன்? பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். பின்னாலேயே மாமா கதவைச் சாத்த, உள்தாழ்ப்பாள் விழுந்தது. வேலை நடக்கும்போது கதவு திறந்திருக்கக் கூடாதே. அடுத்த கெப்பாசிட்டரைக் கழற்ற ஆரம்பித்திருப்பார்.

கூடத்தில் வெயில் பளிச்சென்று அடித்தது. செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தவன் அப்படியே நின்றான்.

கதவு ரெக்சினில், முழங்கால் உயரத்தில், ஓர் உள்ளங்கை அளவுக்குப் பள்ளம் விழுந்தது.

எழும்பியது. மறுபடி விழுந்தது.

சத்தமே இல்லை.

"மாமா, கதவத் தொறங்க." ஓடிப்போய் இரண்டு கையாலும் தட்டினான். அவன் தட்டியதையும் பஞ்சு விழுங்கிக்கொண்டது. உள்ளேயிருந்து யாரும் வரவில்லை.

கொஞ்சம் விட்டு, அவன் கைகளுக்குக் கீழே, மூன்றாவது பள்ளம் விழுந்தது.