கடைமடைக்குப் போகும் தண்ணீர்

கரண்ட் போன மத்தியானம். வீடே வெந்துகொண்டிருக்க, சமையலறைத் தரையில் ஒரு பட்டை மட்டும் ஜில்லென்று இருந்தது. இர்பானா வெறுங்காலோடு அதன் மேலேயே நடந்து பார்த்தாள். அது கோணலாகக் கூடத்தைக் கடந்து படுக்கையறைக்குள் போனது. புழுக்கத்தில் சிணுங்கிய மூன்று வயது பஸீலாவை அந்தக் குளிர்ச்சியின் மேல் பாய் விரித்துப் படுக்க வைத்தாள். குழந்தை உடனே தூங்கிவிட்டாள்.

பாத்திரம் கழுவும்போதுதான் வாடை வந்தது. காய்ந்த வாய்க்காலில் முதல் தண்ணீர் பாயும்போது கிளம்பும் சேற்று வாடை.

ஸ்ரீரங்கத்துக்கு அப்பால் இந்த மனையை வாங்கியபோது குறுக்கே ஒரு வாய்க்கால் ஓடியது. இதே கோணலில்தான். கடைசி வயல்காரி மாரியாயி வருஷாவருஷம் முதல் தண்ணீருக்கு முன்னால் மண்வெட்டியோடு நடந்து வருவாள். கிளையோ செத்த நாயோ, வழியில் எது கிடந்தாலும் கரையில் இழுத்துப் போட்டுச் சேற்றால் மூடித் தட்டிவிட்டுப் போவாள்.

"வீட்டுக்கு அடியில ஒரு குழாய் மட்டும் பதிச்சு விடுங்க தம்பி" என்று இர்பானாவின் கணவன் ஜமீலிடம் கெஞ்சினாள். இர்பானாவும் சொல்லிப் பார்த்தாள். அவள் பேச்சு என்றைக்கு எடுபட்டது? ஜமீல் வாய்க்காலை மூடிக் கான்கிரீட் போட்டு வீட்டைக் கட்டிவிட்டு துபாய்க்கு விமானம் ஏறினான். வயல் காய்ந்தது. போன கோடையில் மாரியாயியும் போய்ச் சேர்ந்தாள்.

இர்பானா ஜமீலுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, தரைக்கு அடியில தண்ணி ஓடுதுங்க."

"இன்னும் டேமே தொறக்கல, தண்ணி எங்கேருந்து வரும்? டியூட்டில இருக்கேன், வை."

அவனுக்கு எல்லாம் தெரியும். பாழாய்ப்போனவன்.

சதக்.

சமையலறையில், பட்டையின் மேல் நின்ற அரிசி டிரம் தானாக நகர்ந்து சுவரோரம் ஒதுங்கியது.

சதக். கூடத்தில் சோபா ஒதுங்கியது. யாரும் இல்லை. ஈரக் கால் வைத்து யாரோ முன்னால் நடக்கும் ஓசை மட்டும்.

வழியில் கிடப்பதை எல்லாம்.

பஸீலா!

ஓடினாள். கதவு திறக்கவில்லை. தோளால் இடித்தாள். உள்ளே சதக். பிறகு, மண்வெட்டியின் பின்புறத்தால் பொறுமையாகத் தட்டும் சத்தம். தட். தட். தட்.

கதவு விட்டுக்கொடுத்தது.

தரை இருந்த இடத்தில் கலங்கல் தண்ணீர் கடைசி வயலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. ஒரு சுவரோரம் சுருட்டிப் போட்ட பாய். எதிர்ச் சுவரோரம் புதுச் சேற்றில் சின்னதாக ஒரு மேடு, வழவழவென்று தட்டி மூடியிருந்தது.

மேடு ஒருமுறை ஏறி இறங்கியது.